கழிக்கத் தெரியாத மேக்கப்: பெஞ்சமின் பட்டனின் முதிய முகம், ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஆஸ்கர் விழாவில், டேவிட் ஃபின்சர் இயக்கிய 'தி கியூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்' (2008) படத்துக்குச் சிறந்த மேக்கப் விருதும் கிடைத்தது, சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதும் கிடைத்தது. மேக்கப் விருதை வாங்கியவர் கிரெக் கேனம். எஃபெக்ட்ஸ் விருதை எரிக் பார்பா, ஸ்டீவ் ப்ரீக், பர்ட் டால்டன், கிரேக் பாரன் நால்வரும் பகிர்ந்துகொண்டார்கள். பாத்திரத்தின் முகத்தை நடிகரின் தோல்மேல் செய்வதா, கணினிக்குள் செய்வதா என்ற வாக்குவாதம் எழும்போதெல்லாம் நான் இந்தப் படத்துக்குத்தான் திரும்பிப் போகிறேன். மற்ற படங்களில் இரண்டு முறைகளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு ஒரு பாத்திரத்துக்கும் இன்னொரு பாத்திரத்துக்கும் இடையே ஓடும். இங்கே அது ஒரே பாத்திரத்தின் கழுத்து வழியாக ஓடுகிறது. கழுத்துக்குக் கீழே செட்டில் நின்று நடித்த ஒரு மனிதரின் உடல். மேலே கணினியில் பிறந்த தலை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922இல் எழுதிய சிறுகதைதான் மூலம். கிழவனாகப் பிறக்கும் ஒருவன், ஆண்டுகள் போகப் போக இளைஞனாகிக்கொண்டே வருகிறான். நடிப்பவர் பிராட் பிட். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. முதிய பெஞ்சமினை ஒரு கிழ நடிகரும் நடுவயது பெஞ்சமினைப் பிட்டும் நடித்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பார்ப்பவருக்கு அது இரண்டு மனிதர்களின் கதையாகிவிடும். எந்த வயதிலும் அது பிட்டாகவே இருந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, கதையின் தொடக்கத்தில் அந்த எண்பது வயது முகம் ஒரு சிறுவனின் உயரமுள்ள உடலின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேக்கப்பின் கணக்கு

முதுமையை மேக்கப்பில் கொண்டுவரும் கலைக்கு நீண்ட, பெருமைக்குரிய வரலாறு உண்டு. அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டிக் ஸ்மித். 1970இல் வந்த 'லிட்டில் பிக் மேன்' படத்தில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கியவர் அவர். 1973இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் முதிய பாதிரியாராக நடித்தபோது மேக்ஸ் வான் சிடோவுக்கு 44 வயதையொட்டித்தான் இருக்கும். அவர் நிஜமாகவே கிழவர் என்று நம்பி அரங்கை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம். ஸ்மித் செய்த பெரிய மாற்றம், முகம் முழுவதையும் ஒரே முகமூடியால் மூடும் வழக்கத்தை விட்டதுதான். மெல்லிய பல துண்டுகளாகப் பிரித்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் படியும்படி ஒட்டினார். நடிகரின் கன்னத் தசை அசைந்தால் மேலே ஒட்டிய துண்டும் கூடவே அசைந்தது.

இவ்வளவு கைத்திறன் இருந்தும் பெஞ்சமின் பட்டனின் முதல் பகுதிக்கு அது போதவில்லை. காரணம் திறமைக்குறைவு அல்ல, கணக்கு. மேக்கப் கூட்டும், அதற்குக் கழிக்கத் தெரியாது.

வயதாகும்போது முகத்துக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். தோல் சுருங்குவது அதில் ஒரு சிறு பகுதிதான். நெற்றிப்பொட்டுப் பக்கங்கள் குழிகின்றன. கன்னத்தைத் தாங்கிய கொழுப்பு குறைந்து கீழே இறங்குகிறது. கண்குழி எலும்பு அகல்கிறது. பற்கள் போன பின் தாடை எலும்பே தேய்ந்து, வாய்க்கும் முகவாய்க்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. கழுத்து மெலிகிறது. அநேகமாக எல்லாமே இழப்பு. நாற்பது வயது நடிகரின் நிறைந்த கன்னத்தின் மேல் ரப்பர் போன்ற சிலிகானை ஒட்டினால் கன்னம் இன்னும் முன்னே வரும். குழியைக் காட்ட வேண்டுமென்றால் குழியைச் சுற்றியுள்ள இடங்களை உயர்த்த வேண்டும்: புருவ மேடு, கன்ன எலும்பு, தாடை ஓரம். மீதியை நிழல் வண்ணத்தால் சமாளிக்க வேண்டும். இப்படி ஒவ்வோர் இடமாக உயர்த்தி முடிக்கும்போது தலையே பெருத்துவிடும். உடல் பருமனான பாத்திரத்தில் அது கண்ணில் படாது. வற்றி மெலிந்த, சிறுவன் உயரமுள்ள கிழவனின் தோளில் அந்தத் தலையை வைத்தால் பொம்மைத் தலையாகத்தான் தெரியும்.

களிமண்ணில் ஒரு முதிய முகத்தைச் செய்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நான் முதன்முதலில் முயன்றபோது ஒரு இளைஞனின் முக அச்சின் மேல் களிமண்ணை அப்பி, நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடுகளாகக் கீறிக்கொண்டே போனேன். இரண்டு வாரம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தால், அது சுருக்கம் விழுந்த இளைஞன். கோடுகள் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. அடியில் இருந்த எலும்பு இளமையாகவே இருந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும். அந்தச் சுவர் நடிகரின் மண்டையோடு. மேக்கப் கலைஞரால் அதன்மேல் எழுத முடியும். அதைச் செதுக்க முடியாது.

கணினிக்கு முன்னால் ஒரு சிற்பி

டிஜிட்டல் வெற்றி என்று இந்தப் படத்தைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் கட்டம் ஒன்று உண்டு. எனக்கு இந்த நிகழ்விலேயே அதுதான் முக்கியம்.

டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தின் குழு, முதிய முகத்தைக் கணினித் திரையில் தொடங்கவில்லை. பிராட் பிட்டின் முக அச்சை எடுத்து, கஸுஹிரோ ட்சுஜி என்ற மேக்கப் கலைஞரிடம் அந்த வேலை போனது. கியோட்டோவில் பிறந்தவர். டிக் ஸ்மித் செய்த ஆபிரகாம் லிங்கன் மேக்கப்பை ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, இளம் வயதிலேயே அவருக்குக் கடிதம் எழுதி, கடிதம் வழியாகவே பாடம் கேட்டவர். பின்னர் ரிக் பேக்கர் என்ற மேக்கப் கலைஞரின் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் பிட்டின் தலையை 60, 70, 80 வயதுகளில் மூன்று சிலிகான் சிலைகளாகச் செய்தார். நடிகரின் தலைமேல் ஒட்டவேண்டிய தேவை இல்லாததால் இங்கே கழிக்க முடிந்தது. பொட்டைக் குழிக்கலாம், கழுத்தை மெலிதாக்கலாம், தாடையைத் தேய்க்கலாம். மேக்கப்பில் ஊறிய ஒரு கைக்கு அந்தத் தொழிலின் பெரிய தடை மட்டும் விலகியது.

இந்தச் சிலைகளைத்தான் ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுபோனார்கள். எது பிட்டின் எண்பது வயது முகம் என்ற கேள்விக்கு விடை அனிமேஷன் தொடங்கும் முன்பே கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக இருந்தது. இயக்குநர் அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம், விளக்கைத் திருப்பிப் பார்க்கலாம், இந்த மூக்கு பிட்டுடையதுதானா என்று கேட்கலாம். கிராஃபிக்ஸ் முகங்கள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. முகம் எது என்று யாரும் தீர்மானிக்காமலே வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு ஷாட்டில் ஒருவர் கொஞ்சம் மாற்றுகிறார், அடுத்ததில் இன்னொருவர் மாற்றுகிறார். படம் முடியும்போது அந்த முகம் யாருடையதாகவும் இல்லை.

நடிப்பு எப்படி ஏறியது

சிலை அசையாது. பிட்டின் முகபாவங்களை அதன்மேல் ஏற்ற வேண்டும். இதற்கு மோவா என்ற நிறுவனத்தின் காண்டூர் முறை உதவியது. ஒளிரும் தன்மையுள்ள பூச்சு ஒன்றை ஸ்பாஞ்சால் நடிகரின் முகமெங்கும் ஒற்றுவார்கள். விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும். அணைந்திருக்கும் நொடித்துண்டில் ஒளிரும் புள்ளிகளைப் பல கேமராக்கள் பதிவு செய்யும். முகத்தில் சில பத்துப் புள்ளிகளை ஒட்டி அளந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது தோலையே அளப்பது போன்றது. பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட முகத்தசை அட்டவணை முறையைப் பின்பற்றி, பிட்டின் முகத்தால் என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு தொகுப்பே உருவாக்கினார்கள். புருவத்தின் உள்முனை மட்டும் உயர்வது, உதட்டோரம் ஒருபக்கம் இழுபடுவது, கண்ணிமை இறுகுவது என ஒவ்வொன்றும் தனித்தனி வடிவமாக அதில் சேர்ந்தது.

இந்த முதல் பகுதியின் படப்பிடிப்பில் பிட் இல்லை. பீட்டர் டொனால்ட் படலமென்டி, ராபர்ட் டவர்ஸ், டாம் எவரெட் ஆகிய மூவர் வெவ்வேறு காலகட்ட பெஞ்சமினின் உடலாக நடித்தார்கள். தலையில் நீல நிறக் குல்லாயும், கணினி பின்தொடர்வதற்கான குறிகளும். காட்சிகள் தொகுக்கப்பட்ட பிறகு, பிட் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு ஸ்டுடியோவில் முகத்தால் மட்டும் நடித்துக் கொடுத்தார். அந்த நடிப்பை அலசி, முன்பே சேர்த்து வைத்த வடிவத் தொகுப்பின் வழியாக முதிய தலைக்கு ஏற்றினார்கள். பிறகு அனிமேட்டர்களின் கை வேலை. அது தவிர்க்க முடியாதது. நாற்பது வயதுக் கன்னத்தில் புன்னகையாகத் தெரியும் அதே அசைவு, தளர்ந்த எண்பது வயதுக் கன்னத்தில் முகச்சுளிப்பாகத் தெரியலாம். எண்கள் சரியாக இருக்கும், உணர்ச்சி மாறியிருக்கும். எது புன்னகை என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதக் கண் வேண்டும்.

படத்தின் முதல் 50 நிமிடங்களையொட்டிய பகுதியில் இப்படி ஏறத்தாழ 325 ஷாட்டுகள். 155 பேர், இரண்டு ஆண்டுகள். நாக்கின் அசைவுக்காக மட்டுமே ஒருவர் பல மாதங்கள் உழைத்திருக்கிறார். படிக்கும்போது மிகையாகத் தோன்றும், ஆனால் பேசும் வாயின் இருட்டுக்குள் நாக்கு தவறான கணத்தில் பல்லைத் தொட்டால், என்ன பிசகு என்று சொல்லத் தெரியாமலே பார்வையாளர் விலகிவிடுவார். கண்ணும் அப்படித்தான். கீழிமை விளிம்பில் தேங்கி நிற்கும் ஈரம், வெண்படலத்தின் மங்கல் மஞ்சள், இமை மூடும்போது கண்மணியின் புடைப்பு தோலைத் தள்ளுவது. இதையெல்லாம் மேக்கப் கலைஞர் செய்யவேண்டியதே இல்லை. நடிகரின் சொந்தக் கண் இலவசமாகக் கொடுத்துவிடும்.

தோலின் ஒளி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு தொழில்களும் அறியாமலே ஒரே கதவைத் தட்டிய இடம் இது. பழைய ஃபோம் லேடெக்ஸ் (நுரை ரப்பர்) துண்டுகளில் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அதனால் எத்தனை நேர்த்தியாக வண்ணம் பூசினாலும் அருகில் வந்தால் சுவர்ப்பூச்சின் தன்மை கொஞ்சம் தெரியும். நிஜத் தோலில் ஒளி உள்ளே புகுந்து, சிதறி, சிவந்து வெளியே வருகிறது. உள்ளங்கையை விளக்குக்கு எதிரே பிடித்தால் விரலோரம் சிவப்பது அதனால்தான். மேக்கப் கலைஞர்கள் ஒளி ஊடுருவும் சிலிகானுக்கு மாறினார்கள். கிராஃபிக்ஸ் உலகில் 2001இல் இந்தச் சிதறலைக் கணிக்கும் நடைமுறை வழி ஒன்று வெளிவந்தது. அதுவரை கணினி முகங்களில் இருந்த பிளாஸ்டிக் தன்மை அதன் பிறகுதான் குறையத் தொடங்கியது. ட்சுஜியின் சிலைகள் சிலிகானில் இருந்ததால், உண்மையான ஒளி அந்த முகத்தில் எப்படி இறங்குகிறது என்பதற்கும் அவை சான்றாக நின்றன. படப்பிடிப்புத் தளத்தின் ஒளியமைப்பையும் தனியே பதிவு செய்து, கணினித் தலைக்கு அதே வெளிச்சத்தைக் கொடுத்தார்கள்.

அதே படத்தில் மேக்கப் வென்ற இடம்

மேக்கப்புக்குக் கழிக்கத் தெரியாது என்ற என் கூற்றுக்கு எதிரான சாட்சி இதே படத்தில் இருக்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் சாகக் கிடக்கும் முதிய டெய்ஸி, பெஞ்சமினின் காதலி. கேட் பிளான்செட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது கேனமின் மேக்கப். அதுவும் வற்றிய முதுமைதான். அப்படியிருந்தும் நிற்கிறது.

பலமுறை பார்த்த பிறகு எனக்குப் படுவது இது. பிளான்செட்டின் முகத்தில் எலும்பு ஏற்கெனவே தெரியும். கன்ன எலும்புக்குக் கீழே இயல்பான பள்ளம் உண்டு. கழிக்கவேண்டிய அளவு குறைவு. உடலின் அளவை மாற்றவேண்டிய தேவையும் இல்லை. தலை தலையணையில் கிடப்பதால் தோளுக்கும் தலைக்கும் உள்ள விகிதத்தைக் கண் அளப்பதில்லை. அசைவும் மிகக் குறைவு. எனவே கணக்கை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: நடிகரின் சொந்த எலும்பு எவ்வளவு தூரம் பாத்திரத்தை நோக்கி நடந்து வந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் மேக்கப்பின் வேலை குறைகிறது. பெஞ்சமின் இளமையை நோக்கி வர வர, ஒரு கட்டத்தில் கணினித் தலை விலகி, மேக்கப் போட்ட பிட்டே திரைக்கு வந்துவிடுகிறார். அந்தக் கைமாற்றம் எங்கே நடந்தது என்று முதல் பார்வையில் எனக்குத் தெரியவில்லை. மிக இளைய பிட்டுக்கு மீண்டும் டிஜிட்டல் வேலை தேவைப்பட்டது. லோலா நிறுவனம் அவருடைய நிஜ முகக் காட்சிகளின் மேலேயே சுருக்கங்களை நீக்கி, வரையறைகளை இறுக்கியது. இளமையாக்குவதும் கழித்தல் கணக்குதானே.

அதே கை, ஒன்பது ஆண்டுகள் கழித்து

ட்சுஜி 2012இல் சினிமாவை விட்டு விலகி, பெரிய அளவிலான முகச் சிற்பங்கள் செய்யப் போய்விட்டார். 2017இல் வந்த 'டார்க்கெஸ்ட் அவர்' படத்துக்காக அவரைத் திரும்ப அழைத்தவர் கேரி ஓல்ட்மன். அவர் வந்தால்தான் சர்ச்சிலாக நடிப்பேன் என்ற நிலை. ஓல்ட்மன் மெலிந்த, நீண்ட முகக்காரர். சர்ச்சிலோ உருண்டை முகம், தடித்த கழுத்து, பருத்த உடல். எல்லாமே கூட்டல். கன்னம், முகவாய், கழுத்து, மூக்கு என மென்மையான சிலிகான் துண்டுகள், விக், பருமன் உடை. ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

இதைக் கணினியில் செய்திருக்கலாமா? செய்திருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பேசும் அந்த மனிதரைச் சுற்றியுள்ள நடிகர்கள் பார்த்தது சர்ச்சிலை. ஓல்ட்மன் கண்ணாடியில் பார்த்ததும் சர்ச்சிலை. சுருட்டுப் புகை முகத்தைச் சுற்றுவதும், ஜன்னல் ஒளி கன்னத்தில் விழுவதும் யாரும் கணக்கிடாமல் தானாக நடந்தன. ஓல்ட்மனுக்கு நடிப்புக்கான ஆஸ்கரும், ட்சுஜி, டேவிட் மலினோவ்ஸ்கி, லூசி சிபிக் மூவருக்கும் மேக்கப் ஆஸ்கரும் 2018இல் கிடைத்தன. ஒரே சிற்பி, ஒரு முகத்தைக் கணினி வழியாகவும் இன்னொன்றைப் பசை வழியாகவும் திரைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் கை மாறவில்லை, பாத்திரம் கேட்ட கணக்குதான் மாறியது.

தவறிய இரண்டு இடங்கள்

2011இல் வந்த 'தி திங்' படத்தின் உருமாறும் உயிரிகளை அமால்கமேட்டட் டைனமிக்ஸ் பட்டறையினர் இயந்திரப் பொம்மைகளாகவும் மேக்கப்பாகவும் செய்து கொடுத்தார்கள். அவை செட்டில் படமாக்கப்பட்டன. பிந்தைய தயாரிப்பில் அவற்றில் பெரும்பகுதியின் மேல் டிஜிட்டல் உயிரிகள் ஏற்றப்பட்டன. இங்கே எந்தத் தொழிலையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொம்மைக்காக வைத்த ஒளியும் கோணமும் நடிகரின் பார்வையும் அப்படியே இருக்க, அதன் இடத்தில் வேறொரு பொருள் வந்து உட்கார்ந்தது. முடிவை மாற்றிய காலம்தான் பிழை.

'தி ஐரிஷ்மேன்' (2019) இன்னும் ஆழமான பாடம். எழுபதைத் தாண்டிய ராபர்ட் டி நீரோ, அல் பசினோ, ஜோ பெஷி மூவரையும் இளமையாக்க வேண்டும். முகத்தில் புள்ளிகளோ தலையில் கேமராவோ கூடாது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் முக்கியக் கேமராவின் இருபுறமும் இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களைப் பொருத்தி, நடிகரைத் தொந்தரவு செய்யாமலே முகத்தின் வடிவத்தைப் பதிவு செய்தது. குளோஸ்-அப்களில் அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இளைய டி நீரோ மளிகைக் கடைக்காரரை நடைபாதையில் போட்டு உதைக்கும் காட்சி இருக்கிறதே, அதில் முகத்துக்கு நாற்பது வயது, இடுப்புக்கு எழுபத்து நான்கு. கால் உயரும் விதம், உடல் சமநிலை தேடும் விதம், தோள் முன்னே வளைவது எல்லாம் உண்மை வயதைச் சொல்லிவிட்டன. உடல் அசைவைச் சரிசெய்ய செட்டில் பயிற்சியாளர் இருந்தும் இது நேர்ந்தது.

பெஞ்சமின் பட்டனில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம் அந்த நீலக் குல்லாய் மூவர். அவர்களின் முகம் படத்தில் அந்தப் பாத்திரமாக ஒரு கணமும் தெரியாது. ஆனால் ஊன்றுகோலை ஊன்றும் தயக்கம், நாற்காலியிலிருந்து எழும்போது எடுக்கும் மூச்சு, சட்டைக் காலருக்குள் கழுத்து நுழைந்திருக்கும் விதம் எல்லாம் அவர்களுடையவை. கணினித் தலையை நாம் நம்புவதில் பாதி, அந்தத் தோள்களை நம்புவதால் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு பாத்திரத்தின் முகத்தை எப்படிச் செய்வது என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்த மென்பொருள், எந்தப் பட்டறை என்ற பேச்சுக்கு முன்னால் மூன்று மாத அவகாசமும் ஒரு சிற்பியும் கேட்பேன். நடிகரின் முக அச்சும், பாத்திரத்தின் முகம் முழுமையாகச் செதுக்கிய சிலையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு காலிப்பரை எடுத்து, பொட்டு, கன்னம், தாடை, கழுத்து என்று இரண்டையும் அளந்து பார்க்கலாம். சிலை எல்லா இடத்திலும் அச்சைவிடப் பெரிதாக இருந்தால் பசையும் சிலிகானும் வாங்கலாம். சிறிதாக இருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் குழுவையும், உடலாக நடிக்கப்போகிறவரையும் அந்த மேசைக்கே கூப்பிட வேண்டும், படப்பிடிப்புத் தேதி குறிக்கும் முன்பே.